தொப்பியின் வலப்பக்கம்

"எங்கப்பா திருடல மேடம். ஆனா திருடினேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டார்."

வந்தவனுக்கு முப்பது வயது இருக்கலாம். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. அளவெடுக்கும் நாடா இன்னும் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. தையல் மெஷினை நிறுத்திய கையோடு ஓடி வந்திருக்கிறான்.

"போட்ட கையெழுத்தை அழிக்கிற ரப்பர் எங்ககிட்ட இல்லீங்களே" என்றான் ரேடியோ.

சொன்ன பிறகுதான் வந்தவனின் முகத்தைச் சரியாகப் பார்த்தான். கண் இரண்டும் வீங்கிப்போயிருந்தன. சே, இந்த வாயைத் தைத்துப் போட்டால் தேவலை என்று தன்னையே திட்டிக்கொண்டான். அவன் பெயர் ரேடியோ ஆனதே இந்த வாயால்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுக்கே எப்போதாவதுதான் ஞாபகம் வரும்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பாஸ் அவனை ஒரு முறை முறைத்தார். எலும்பு முறிவு ஆஸ்பத்திரியில் பல வருஷம் எக்ஸ்ரே எடுத்தவர். அந்த வேலையை விட்டுத் துப்பறிய வந்த பிறகும் எல்லாரும் எக்ஸ்ரே மேடம் என்றுதான் கூப்பிட்டார்கள். "அப்போ எலும்புல விரிசல் தேடினேன், இப்போ பேச்சுல தேடறேன், சம்பளம்தான் குறைஞ்சு போச்சு" என்பார்.

"முதல்ல தண்ணி குடிங்க. அப்புறம் ஆரம்பத்துலேருந்து சொல்லுங்க" என்றார் மேடம்.

தையல்காரன் சொன்னான். அவன் அப்பா சினிமா அருங்காட்சியகத்தில் காப்பாளர். அங்கே பெருமைக்குரிய இடம் 'தொப்பிக்காரன்' கூடம். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் வந்த உளவாளி அந்தத் தொப்பிக்காரன். படத்துக்குப் படம் ஒரு தொப்பி மாற்றுவான். வெயில் நாட்டுக்கு வைக்கோல் தொப்பி, பனி நாட்டுக்கு ரோமத் தொப்பி, பணக்காரர் விருந்துக்குக் கறுப்பு உருண்டைத் தொப்பி. கடைசிப் படத்தில் சாம்பல் நிறக் கம்பளித் தொப்பி. அதன் முன்விளிம்பை இரண்டு விரலால் இறக்கிவிட்டு அவன் இருட்டுக்குள் நடந்து போவதைப் பார்த்து ஒரு தலைமுறையே பெருமூச்சு விட்டது. ரகசிய வரைபடத்தைத் தொப்பிக்குள்தான் ஒளிப்பான். வில்லன் ஆட்கள் பிடித்தால் சட்டைப்பை, காலுறை, ஷூ எல்லாம் தேடுவார்கள். ஒருத்தனுக்காவது தொப்பியைத் தூக்கிப் பார்க்கத் தோன்றாது. சின்ன வயதில் ரேடியோ தியேட்டரில் எழுந்து நின்று "தொப்பிடா, தொப்பி!" என்று கத்தி வெளியே அனுப்பப்பட்டிருக்கிறான்.

அந்தக் கடைசிப் படத்தைச் சுத்தம் செய்து சமீபத்தில் மறுபடி திரையிட்டார்கள். பார்த்த கையோடு ஒரு ரசிகர் அருங்காட்சியகத்துக்கு வந்தார். கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்றவர் கூச்சல் போட ஆரம்பித்துவிட்டார். படத்தில் தொப்பி ரிப்பனின் முடிச்சு இடப்பக்கம் இருக்கிறது, பெட்டியில் இருப்பதில் வலப்பக்கம் இருக்கிறது, இது போலி என்று. அசல் எங்கே? பெட்டியின் சாவி காப்பாளரிடம் மட்டும்தான் உண்டு.

"அன்னிக்கு முழுக்க போலீஸ் விசாரிச்சாங்க. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அப்பா அடிச்சுச் சொன்னார். விட்டுட்டாங்க. மறுநாள் காலையில அவராவே ஸ்டேஷனுக்குப் போய், நான்தான் எடுத்தேன், போலியை வச்சேன்னு எழுதிக் குடுத்துட்டார்."

"யார்கிட்ட வித்தாராம்?"

"அதைச் சொல்ல மாட்டேங்கறார். என்னைப் பார்க்கவும் மாட்டேங்கறார். இன்னிக்குச் சாயங்காலம் நீதிபதி முன்னால நிறுத்தறாங்க. அங்கேயும் இதையே சொல்லிட்டார்னா அவ்வளவுதான் மேடம், உள்ள போயிடுவார். அவருக்கு மூச்சிரைப்பு இருக்கு. தாங்க மாட்டார்."

"விசாரணைக்கும் காலையில போனதுக்கும் நடுவுல என்ன நடந்தது?"

தையல்காரன் கழுத்து நாடாவை இழுத்து விரலில் சுற்றினான். "ஒண்ணும் நடக்கல. வீட்டுக்கு வந்தார். படுத்தார்."

மேடம் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

*

அருங்காட்சியகத் தலைவர் கோட்டும் சூட்டுமாக, துக்க வீட்டில் நிற்பவர் முகத்தோடு வரவேற்றார்.

"பெத்த பிள்ளை மாதிரி நம்பினேன் அந்த ஆளை" என்றார்.

"பிள்ளைகளை நம்பறதுலயும் ஒரு அளவு வேணும் சார்" என்றான் ரேடியோ. "எங்கப்பா இன்னும் பீரோ சாவியை என் கண்ணுல காட்டினதில்ல."

தொப்பிகள் வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகளில் இருந்தன. கடைசிப் பெட்டிக்குள் சாம்பல் நிறத் தொப்பி இருந்தது. பின்னால் சுவர் முழுக்க அந்தப் படத்தின் போஸ்டர், உளவாளியின் இடுப்பளவுப் புகைப்படம். ரேடியோ தொப்பியைப் பார்த்தான், போஸ்டரைப் பார்த்தான். இரண்டிலும் முடிச்சு வலக்காதுக்கு மேலேதான் இருந்தது.

"இத்தனை வருஷமா யாரும் கண்டுபிடிக்காததுல ஆச்சரியமே இல்ல. பின்னாடி இருக்கற போஸ்டரும் முன்னாடி இருக்கற தொப்பியும் ஒண்ணுக்கொண்ணு சாட்சி சொல்லுதே" என்றான்.

"ஆனா படத்துல இடப்பக்கம்தானே இருக்கு" என்றார் தலைவர். "போஸ்டருக்குன்னு வேற தொப்பி போட்டிருப்பாங்க போல."

மேடம் போஸ்டருக்கு அருகே போய் நின்றார். பிறகு ரேடியோவின் பக்கம் திரும்பினார்.

"ரேடியோ, உன் சட்டைப் பட்டன் எந்தப் பக்கம் தைச்சிருக்கு?"

"நெஞ்சுப் பக்கம் மேடம். முதுகுல வச்சா நானே போட்டுக்க முடியாது."

"வலதா, இடதா?"

ரேடியோ குனிந்து பார்த்தான். "வலது."

"ஆம்பளைங்க சட்டை, கோட்டு எல்லாத்துலயும் பட்டன் வலதுல இருக்கும். இடப்பக்கத் துணி மேல வந்து மூடும். இந்த உளவாளியோட கோட்டைப் பாரு."

பார்த்தான். பட்டன் இடப்பக்கம் இருந்தது. தொப்பிக்காரன் தன் தங்கையின் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தவன் போல நின்றான்.

"ஆஸ்பத்திரியில படத்தை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சதும் நாங்க முதல்ல பார்க்கறது எது இடது, எது வலதுன்னுதான்" என்றார் மேடம். "அதுல ஏமாந்தா நல்ல காலை அறுத்துடுவாங்க. இந்தப் போட்டோவைத் திருப்பி அச்சடிச்சிருக்காங்க."

தலைவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஆமாம்மா! போஸ்டர்ல படத்தோட பேர் இருக்கற பக்கம் அவர் முகம் பார்க்கணும்னு திருப்பிப் போட்டிருப்பாங்க. அப்போ போலி செஞ்சவன் படத்தைப் பார்க்கவே இல்லை. இந்தப் போஸ்டரை வச்சுத்தான் செஞ்சிருக்கான்!"

"இங்க தொப்பி செய்யத் தெரிஞ்சவங்க யாரு?"

"கம்பளியை ஆவியில காட்டி மர அச்சுல இழுத்து வைக்கணும். அந்த அச்சு இருக்கறது ஒரே இடத்துலதான். நாடக உடை வாடகைக்குக் குடுக்கற கடை."

ரேடியோவுக்குத் தையல்காரனின் கழுத்தில் தொங்கிய நாடா ஞாபகம் வந்தது. அந்தக் கடையில்தான் தனக்கு வேலை என்று அவன் காலையில் சொல்லியிருந்தான்.

*

கடை நீளமாக, இருட்டாக இருந்தது. ராஜா உடைகளும் போலீஸ் உடைகளும் ஒரே கம்பியில் தோளோடு தோள் உரசித் தொங்கின. தையல்காரன் மெஷினிலிருந்து எழுந்தான். "எதாவது தெரிஞ்சுதா மேடம்?"

ரேடியோ நேராகப் பின்பக்கம் போனான். அலமாரியின் மேல்தட்டில் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அவற்றுக்குப் பின்னால் பழைய திரைச்சீலை ஒன்று உருண்டையாகச் சுருட்டிக் கிடந்தது. இழுத்தான். உள்ளே மர அச்சு, அச்சின் மேல் சாம்பல் நிறத் தொப்பி. ரிப்பன் முடிச்சு வலப்பக்கம்.

ரேடியோவுக்குக் கோபம் தலைக்கேறியது. காலையில் இவனுக்காக மனசு கஷ்டப்பட்டதை நினைத்தபோது இன்னும் ஏறியது. தையல்காரனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்.

"பெத்த அப்பனை உள்ள அனுப்பிட்டு, எங்ககிட்ட வந்து அழுது நடிக்கிறியாடா?"

"ஐயோ இல்லண்ணே! சத்தியமா இல்ல! ஒரு கம்பெனி ஆண்டு விழாவுல உளவாளி வேஷத்துக்குக் கேட்டாங்க. போஸ்டரைப் பார்த்துச் செஞ்சேன். செஞ்சு முடிக்கறதுக்குள்ள இந்தக் கலாட்டா வந்துடுச்சு. போலீஸ் பார்த்தா என்ன நினைப்பாங்கன்னு பயந்து ஒளிச்சு வச்சேன்."

"காலையில ஏன் சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

ரேடியோவின் பிடி தளர்ந்தது.

மேடம் தொப்பியைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "விடு அவரை. திருடறதுக்கு ஒரு போலி போதும். அதை வச்சு அசலை எடுத்தவன், இன்னொண்ணு செஞ்சு கடையிலயே வச்சுக்கிட்டு மாட்டிக்குவானா?"

"அவசரத்துக்கு ஒண்ணு எக்ஸ்ட்ராவா..." என்று ஆரம்பித்த ரேடியோ, மேடம் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான்.

"முடிச்சை ஏன் வலப்பக்கம் வச்சீங்க?"

"போஸ்டர்ல அப்படித்தானே மேடம் இருக்கு?"

"அதேதான். அந்தப் போஸ்டரை வச்சு யார் செஞ்சாலும் இந்தத் தப்பைத்தான் செய்வாங்க." அவர் குரல் தணிந்தது. "இதை நீங்க ஒளிச்சு வைக்கறதுக்கு முன்னால யாராவது பார்த்தாங்களா?"

தையல்காரன் யோசித்தான். "அப்பா பார்த்தார். விசாரணை முடிஞ்சு நேரா இங்கதான் வந்தார். மேஜை மேல இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தார். 'வீட்டுக்கு வாப்பா'ன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டார்."

மேடம் கண்ணை மூடித் திறந்தார். அது நல்ல அறிகுறி இல்லை என்று ரேடியோவுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி நாட்களில் படத்தில் மோசமானது எதையாவது பார்த்துவிட்டு வெளியே நிற்கும் சொந்தக்காரர்களிடம் காட்டிக்கொள்ளாமல் இருக்க இப்படித்தான் செய்வாராம்.

"நீங்க நேரா ஸ்டேஷனுக்குப் போங்க. நாங்க வந்துடறோம்" என்றார்.

வெளியே வந்ததும் ரேடியோ கேட்டான். "என்ன மேடம் கண்டுபிடிச்சீங்க?"

"அந்தப் பெரியவர் ஏன் பொய் சொன்னார்னு தெரிஞ்சுபோச்சு. ஆனா அவர் வாயால சொல்ல மாட்டார். அந்தத் தொப்பியை யாருமே மாத்தலைன்னு காட்டினாத்தான் ரெண்டு பேரும் தப்பிப்பாங்க. வா, தலைவர் ரூமுக்குப் போகணும். திறப்பு விழா அன்னிக்குப் போட்டோ எடுக்காத அருங்காட்சியகம் எங்கயாவது இருக்கா?"

போட்டோ இருந்தது. தலைவரின் நாற்காலிக்கு மேலேயே சட்டம் போட்டு மாட்டியிருந்தது. தொப்பிக்காரனாக நடித்த நடிகரின் மனைவி சாம்பல் நிறத் தொப்பியை இரண்டு கையாலும் நீட்டுகிறார். இளவயதுத் தலைவர் பல்லெல்லாம் தெரிய வாங்கிக்கொள்கிறார். தொப்பியின் முகப்பு கேமராவைப் பார்த்திருந்தது. முடிச்சு வலப்பக்கம்.

"இந்தப் போட்டோவும் திருப்பிப் போட்டதா இருக்கலாமே?" என்றார் தலைவர் கலவரத்தோடு.

ரேடியோவே நாற்காலியில் ஏறிப் பார்த்தான். "சார், உங்க கோட்டுப் பட்டன் ஒழுங்கா வலப்பக்கம்தான் இருக்கு. போட்டோ நேரா இருக்கு. தொப்பிதான் முதல் நாள்லேருந்தே போலி."

"காப்பாளர் எப்போ வேலைக்கு வந்தார்?" என்றார் மேடம்.

"திறந்து சில வருஷம் கழிச்சு..." தலைவர் மெதுவாக உட்கார்ந்துவிட்டார்.

நடிகரின் மனைவிக்கு அங்கிருந்தே போன் போட்டார்கள். வயதான குரல், சலனமே இல்லாமல் பேசியது. "அவரோட தொப்பி அவரோடயே போயிடுச்சும்மா. சவப்பெட்டிக்குள்ள அவரை வைக்கறப்ப அவர் தலையில நான்தான் வச்சேன். அப்புறம் அருங்காட்சியகத்துக்கு வேணும்னு வந்து நின்னாங்க. இல்லேன்னு சொல்ல வாய் வரல. போஸ்டரைக் குடுத்து ஒண்ணு செய்யச் சொன்னேன்."

"அதுக்காக ஒரு மனுஷர் லாக்கப்ல இருக்கார்னு தெரியுமா உங்களுக்கு?" என்று ரேடியோ ரிசீவருக்குக் கேட்கும்படி கத்தினான்.

"தெரியும்" என்றது குரல். "இன்னிக்குச் சொல்லிடலாம், நாளைக்குச் சொல்லிடலாம்னு இருந்தேன்."

*

போலீஸ் ஸ்டேஷனில் போட்டோவையும் போஸ்டரின் சின்னப் பிரதியையும் மேஜையில் வைத்து மேடம் சொல்லி முடித்தபோது, இன்ஸ்பெக்டர் தன் யூனிஃபார்ம் பட்டனைத் தடவிப் பார்த்துக்கொண்டார். நடிகரின் மனைவியிடம் அவரே ஒரு முறை பேசினார். பிறகு காப்பாளரைக் கூட்டி வரச் சொன்னார்.

காப்பாளர் ஒல்லியான மனிதர். மூச்சு விடும்போது தோள் ஏறி இறங்கியது. சுவரோரம் நின்ற மகனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பெரியவரே, தொப்பி திருட்டே போகல. நீங்க வீட்டுக்குப் போகலாம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"போயிருக்கு. நான்தான் எடுத்தேன்."

"இல்லாத தொப்பியை எப்படிய்யா எடுத்தீங்க?"

"எடுத்தேன்னு எழுதிக் குடுத்திருக்கேனே. அதை வச்சு முடிங்க. வேற யாரையும் விசாரிக்காதீங்க."

ரேடியோவுக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த ஆள் நம்பவில்லை. தன்னை வெளியே விட்டால் அடுத்ததாக யாரைப் பிடிப்பார்கள் என்று பயப்படுகிறார். இது ஏதோ வலை என்று நினைத்துக்கொண்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

அவன் போட்டோவை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போனான். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேலி இல்லாமல் பேசினான்.

"ஐயா, இதைக் கொஞ்சம் பாருங்க. இது திறப்பு விழா. நீங்க வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி. உங்க பையன் அப்போ பள்ளிக்கூடத்துல இருந்திருப்பார். முடிச்சு எந்தப் பக்கம் இருக்கு? அந்த அம்மா கொண்டு வந்ததே போலி. போஸ்டரைப் பார்த்துச் செஞ்சது. உங்க பையனும் அதே போஸ்டரைப் பார்த்து வாடகைக்கு ஒண்ணு செஞ்சார். அதனாலதான் ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு. யாரும் எதையும் எடுக்கல."

காப்பாளர் போட்டோவைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். தலைவரின் கோட்டுப் பட்டனை ரேடியோ விரலால் காட்டினான். அவர் தன் சட்டையைத் தொட்டுப் பார்த்தார். மறுபடி போட்டோவைப் பார்த்தார். அவர் முகத்தில் மெல்ல மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. மகனை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்போ நீ எடுக்கலையாப்பா?"

சந்தோஷத்தில்தான் கேட்டார். அவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில். கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்பது அவருக்கே புரிந்தது.

தையல்காரன் சுவரிலிருந்து விலகி நின்றான். "நான் எடுத்தேன்னா நினைச்சீங்க?"

காப்பாளர் கையிலிருந்த போட்டோவை மேஜையில் வைத்தார்.

"என் கடையில வந்து அந்தத் தொப்பியைப் பார்த்துட்டு, இவன்தான் திருடன்னு முடிவு பண்ணிட்டீங்க. ஊரே உங்களைத் திருடன்னு சொன்னப்பவும் நான் ஒரு நிமிஷம் நம்பல. நீங்களே எழுதிக் குடுத்தீங்க, அப்பவும் நம்பல. நீங்க என்னை..." அவன் அப்பாவின் பக்கம் ஓர் அடி வைத்தான். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? என்னடா இதுன்னு அடிச்சாவது கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருக்கலாம்" என்றார் காப்பாளர். "கேட்டு, நீ ஆமான்னு சொல்லிட்டா நான் என்னப்பா பண்ணுவேன்?"

தையல்காரன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இன்ஸ்பெக்டருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே போய்விட்டான்.

காப்பாளர் அவன் பின்னாலேயே இரண்டடி வைத்தார். விடுதலைக்கான காகிதம் தயாராகும் வரை போக முடியாது என்று கான்ஸ்டபிள் தடுத்தார். அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். ஜன்னல் வழியாகத் தெரு தெரிந்தது. ஆனால் அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"தம்பி" என்றார் ரேடியோவைப் பார்த்து. "நிக்கிறானா?"

ரேடியோ எட்டிப் பார்த்தான். பஸ் நிறுத்தத்தில் தையல்காரன் வெயிலில் நின்றுகொண்டிருந்தான். ஒரு பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது, ஆட்கள் ஏறினார்கள். அது போன பிறகும் அவன் அங்கேயே இருந்தான்.

"நிக்கிறார்ங்க."

"வெயில்ல நிக்கிறான். உள்ள வந்து உட்காரச் சொல்லுங்க தம்பி. நான் பேச மாட்டேன்னு சொல்லுங்க. சும்மா வந்து உட்காரச் சொல்லுங்க."

ரேடியோ வெளியே போனான். சொன்னான். தையல்காரன் தெருவையே பார்த்துக்கொண்டு கேட்டான்.

"இப்ப என்னால வர முடியாதுண்ணே" என்றான். "அவர் வெளிய வர்ற வரைக்கும் இங்கயே நிக்கறேன்னு சொல்லுங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். அதுக்கு மேல என்னை எதுவும் கேக்காதீங்க."